எல்லாக் கதைக்கும் ஒரே அனுமதியா? கனடாவின் பன்மொழிக் கதைத் தளங்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு காலத்தில் எந்தப் பறவைக்கும் பறக்கத் தெரியாது. பஞ்சம் வந்தது. இரை தேடி நடந்தே களைத்துப்போன கழுகுக்குக் கோழி ஒரு யோசனை சொன்னது: உதிர்ந்து கிடக்கும் இறகுகளைப் பொறுக்கி நம் உடம்பில் தைத்துக்கொள்வோம். ஊரிலேயே ஊசி வைத்திருந்தது கழுகு மட்டும்தான். அது முதலில் தைத்துக்கொண்டு பறந்துவிட்டது. கோழி ஊசியை இரவல் வாங்கியது. கொஞ்சம் தைத்ததும் அலுத்துப்போய், ஊசியை அலமாரியில் வைத்துவிட்டுப் பிள்ளைகளுக்குச் சமைக்கப் போனது. மற்ற பறவைகள் ஒவ்வொன்றாக வந்து அதே ஊசியால் தைத்துப் பறந்தன. கடைசியில் ஊசி குஞ்சுகளிடம் சிக்கி, விளையாட்டில் மணலுக்குள் போய்விட்டது. கழுகு திரும்பி வந்து கேட்டது. ஒரு நாள் தவணை. கிடைக்காவிட்டால் ஒரு குஞ்சு. அன்று தொடங்கிய தேடல்தான், கோழி இன்றும் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது.

இது ஆப்பிரிக்கக் கதை. ஆனால் நம் ஊரில் கோழி வளர்த்த எந்தப் பாட்டியிடம் சொன்னாலும், இதைத் தன் கதையாகவே பேரனுக்குச் சொல்லிவிடுவார். கனடாவின் ‘ஸ்டோரிபுக்ஸ் கனடா’ என்ற இணையதளத்தில் இந்தக் கதை ஆங்கிலம், பிரெஞ்சு தவிர, பஞ்சாபி, சோமாலி, அரபு, பாரசீகம், தகாலோக், கான்டனீஸ் என்று குடியேறிகள் வீட்டில் பேசும் பல மொழிகளில் கிடைக்கிறது. அதே குழுவினர் அப்புறம் பூர்வகுடி மொழிகளுக்கென்று இன்னொரு தளத்தையும் அமைத்தார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. குடியேறிகளின் மொழிகளுக்கு நன்மை செய்த அதே விதி, பூர்வகுடிகளின் கதைகளுக்குப் பொருந்தாது. ‘எடுத்துக்கொள், மொழிபெயர், பகிர்’ என்ற தாராளம் ஒரு பக்கம் மொழிக்கு உயிர் கொடுக்கிறது. மறுபக்கம், ஏற்கெனவே எல்லாம் எடுக்கப்பட்டவர்களிடம் மிச்சமிருப்பதையும் கேட்காமல் எடுப்பதாகிவிடுகிறது. இந்த ஆய்வு முழுக்க அந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

பின்னணி

கனடாவில் நான்கில் ஒருவருக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் அல்லாத ஒரு தாய்மொழி இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 90 லட்சம் பேர். பூர்வகுடி மொழிகள் 70க்கும் மேல்; அவற்றில் உரையாடக்கூடியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து சுமார் 2,37,000 பேர். அதிலும் க்ரீ மொழிகள் சுமார் 86,000 பேருடன் முன்னணியில் நிற்கின்றன, அடுத்து இனுக்டிடுட். மற்ற பல மொழிகளில் சரளமாகப் பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களும் முதியவர்கள்.

இந்த இரண்டு கூட்டமும் மொழியை இழப்பது ஒரே மாதிரி அல்ல. பஞ்சாபிக் குடும்பம் மூன்றாம் தலைமுறையில் மொழியை விட்டுவிட்டாலும் பஞ்சாபில் பஞ்சாபி இருக்கும். மேற்குக் கரையின் பூர்வகுடி மொழியான ஹைடா, ஹைடா குவாய் தீவுகளிலும் அதை ஒட்டிய அலாஸ்கா கரையிலும் போய்விட்டால் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. இழந்த விதமும் வேறு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1990கள் வரை நடந்த விடுதிப் பள்ளிகளுக்கு 1,50,000க்கும் மேற்பட்ட பூர்வகுடிக் குழந்தைகள் கொண்டுபோகப்பட்டார்கள். அங்கே தாய்மொழியில் பேசியதற்கு அடி விழுந்தது. பாட்டி பேரனுக்குக் கதை சொல்லும் சங்கிலி அங்கேதான் அறுந்தது. மேற்குக் கரையில் கதையும் பாட்டும் நடனமும் உரிமைகளும் ஊரறிய அரங்கேறும் ‘பாட்லாட்ச்’ விருந்துச் சடங்கையே 1885 முதல் 1951 வரை சட்டம் தடைசெய்திருந்தது.

ஆகவே 1971இல் பன்முகப் பண்பாட்டுக் கொள்கை அறிவிக்கப்பட்டபோது பூர்வகுடிகளுக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. இத்தாலியர், உக்ரைனியர், சீனர் என்ற வரிசையில் தாங்களும் ஓர் ‘இனக்குழு’வா என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது, இன்றும் இருக்கிறது. நூலகத்தில் ‘பிற மொழிகள்’ என்று ஒரு அலமாரி வைத்து அதில் தமிழையும் க்ரீயையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குவது பார்க்க நன்றாக இருக்கும். க்ரீ அந்த மண்ணில் ‘பிற’ மொழி ஆனது எப்படி என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கும்.

கதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வழி

ஸ்டோரிபுக்ஸ் கனடாவின் வேர் ஜொகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அங்குள்ள ‘சைடே’ என்ற கல்வி நிறுவனம் 2014இல் ‘ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்’ தளத்தைத் தொடங்கியது. பிரச்சினை எளிமையானது. குழந்தை முதலில் தன் மொழியில் வாசிக்கக் கற்றால் நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் வாசிக்கப் புத்தகம் இல்லை. சிறிய மொழிகளில் படக்கதைப் புத்தகம் அச்சிட்டால் பதிப்பாளருக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அச்சை விட்டுவிட்டு, ஆசிரியர்களும் நூலகர்களும் தாங்களே எழுதி, மொழிபெயர்த்து, தளத்தில் ஏற்றும்படி வழி செய்தார்கள். மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொண்டுபோய் வகுப்புச் சுவரிலேயே கதையைக் காட்டினார்கள். பெரும்பாலும் திறந்த உரிமம்: எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும், யாரும் எடுத்து எந்த மொழிக்கும் மாற்றலாம்.

நம் பக்கத்தில் பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளமும் இதே திறந்த உரிம வழியில்தான் நடக்கிறது. அதைப் பயன்படுத்தும் தமிழ் ஆசிரியர்களுக்கு இந்த முறை பழக்கமானதுதான்.

வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் போனி நார்ட்டன் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். மொழி கற்பவரின் அடையாளம் பற்றிய ஆய்வுக்குப் பெயர் பெற்றவர். ஆப்பிரிக்கத் திட்டத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். அவரோடு லியம் டோஹெர்ட்டியும், உகாண்டாவில் இந்தக் கதைகள் வகுப்பில் பயன்பட்ட விதத்தை ஆராய்ந்த எஸ்பன் ஸ்ட்ரேஞ்சர்-யோஹானசனும் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்கத் தொகுப்பிலிருந்து 40 கதைகளை எடுத்து, கனடாவின் இரண்டு ஆட்சிமொழிகளிலும் முக்கியமான குடியேறி, அகதி மொழிகளிலும் எழுத்தாகவும் ஒலியாகவும் 2018இல் ஏற்றினார்கள். ஐந்து நிலைகள், முதல் நிலையில் பக்கத்துக்குச் சில சொற்கள், ஐந்தாம் நிலையில் பத்தி பத்தியாக.

தெற்கிலிருந்து வடக்குக்கு அறிவு போவது அடிக்கடி நடப்பதில்லை. கனடாவில் அச்சிட்ட பழைய புத்தகங்களைப் பெட்டி பெட்டியாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதுதான் வழக்கம். இங்கே கோழியும் கழுகும் எதிர்த்திசையில் பயணம் செய்திருக்கின்றன. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஒரு பக்கத்தை உற்றுப் பார்த்தால்

தளம் ஆடம்பரமாக இல்லை. ஒரு படம், பக்கத்தில் சில வரிகள், மேலே மொழி மாற்றும் பட்டியல், ஒலி கேட்க ஒரு பொத்தான். கோழிக் கதையை அரபியில் படித்துக்கொண்டிருக்கும் குழந்தை மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றினால், கதை மாறாது, படமும் மாறாது. ஊசி தொலைந்த காட்சியில் அரபியில் நின்ற இடத்திலேயே ஆங்கிலத்திலும் ஊசி தொலைந்திருக்கும்.

இதைச் சாதாரண வசதி என்று விட்டுவிடக் கூடாது. 2015 நவம்பரிலிருந்து சில மாதங்களில் கனடா 25,000 சிரிய அகதிகளை ஏற்றது. அப்படி வந்த ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயது மகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம் ஓடத் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் இன்னும் எழுத்துக்கூட்டும் நிலையில்தான் இருக்கிறது. வழக்கமாக அந்த வீட்டில் வீட்டுப்பாடம் என்றால் அம்மா ஒதுங்கிவிடுவார். இங்கே அம்மா அரபியில் படித்துச் சொல்ல, மகள் ஆங்கிலத்தில் படிக்க, இருவரும் ஒரே பக்கத்தில் இருக்கிறார்கள். அதிகாரம் கொஞ்சம் சமமாகிறது.

ஒலிப் பொத்தானின் வேலை இன்னும் பெரிது. புலம்பெயர்ந்த வீடுகளில் மொழி பேசத் தெரியும், எழுத்துத் தெரியாது என்ற நிலைதான் அதிகம். குர்முகி எழுத்து தெரியாத பஞ்சாபிப் பிள்ளைக்கு எழுத்து வெறும் கோடு. காதில் விழுந்ததும் அது பாட்டியின் மொழி ஆகிறது. டொராண்டோ பொது நூலகம் இதை முன்பே புரிந்துவைத்திருந்தது. தொலைபேசியில் அழைத்தால் கதை சொல்லும் சேவை ஒன்றை நெடுங்காலமாக நடத்துகிறது, அதில் தமிழும் உண்டு. இணையம் வேண்டாம், எழுத்து வேண்டாம், தாத்தாவின் பழைய போனே போதும்.

சரி, எங்கே இடிக்கிறது? முதலில் நடை. எழுதப்படும் அரபு, சிரிய வீட்டில் பேசும் அரபு இல்லை. தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ‘வந்திட்டன்’ என்று கேட்டு வளரும் பிள்ளையிடம் ‘வந்துவிட்டேன்’ என்று கதை தொடங்கினால், அது வீட்டு மொழியும் இல்லை, பள்ளி மொழியும் இல்லை, மூன்றாவதாக ஒன்று. அதையே தமிழ்நாட்டுக் குரலில் வாசித்தால் தூரம் இன்னும் கூடும். ஏட்டு நடையை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நான்கு வயதுக்கான முதல் நிலைக் கதையை வாசிப்பவர் ஊர்க்குரலில் வாசித்தால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது குறை பெரியது. நாற்பதும் ஆப்பிரிக்கத் தொகுப்பின் கதைகள். அவற்றிலும் எல்லாம் பழங்கதைகள் இல்லை. தெருவில் வாழும் சிறுவனைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் எழுதிய இன்றைய கதைகளும் உண்டு. குடியேறிகளுக்குக் கிடைத்தது அவர்கள் மொழி, அவர்கள் கதை இல்லை. சோமாலிப் பாட்டிக்குத் தெரிந்த கதையும் நம் வீட்டு நரிக்கதையும் உள்ளே வரவில்லை.

இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. எல்லா மொழியிலும் ஒரே கதை இருந்தால்தான் பக்கம் பக்கமாக மொழி மாற்ற முடியும். எந்த ஒரு குடியேறிச் சமூகத்தின் கதையும் முதன்மை பெறாததால் சண்டையும் இல்லை. வகுப்பில் இருக்கும் கொரியப் பிள்ளைக்கும் உருதுப் பிள்ளைக்கும் கோழிக் கதை ஒரே அளவு புதிது.

வேடிக்கை என்னவென்றால், ஒரு சமூகத்துக்கு மட்டும் தங்கள் கதை தற்செயலாக வந்து சேர்ந்தது. நாற்பதில் ஒன்று, அனான்சி என்ற தந்திரக்காரச் சிலந்தியின் கதை. உலகத்து அறிவையெல்லாம் ஒரு மண்பானையில் பெற்ற அனான்சி, அதை ஒளித்துவைக்க வயிற்றில் கட்டிக்கொண்டு மரம் ஏறத் திணறுகிறான். கீழே நிற்கும் மகன், ‘முதுகில் கட்டிக்கொண்டால் லேசாக இருக்குமே’ என்கிறான். கானாவின் ஆக்கான் மக்களின் கதை இது. அடிமைக் கப்பல்களில் அனான்சி ஜமைக்காவுக்குப் போனான், ஜமைக்காவிலிருந்து குடியேறிகளோடு டொராண்டோவுக்கு வந்தான். அங்குள்ள கரீபியப் பாட்டிக்கு இது ஆப்பிரிக்கப் பாடம் இல்லை, தன் அம்மா சொன்ன கதை. தங்கள் கதையே தளத்தில் இருந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதற்கு இந்த ஒரு கதையே போதிய சான்று.

டொராண்டோவை ஒட்டிய மிசிசாகா நகரின் தார்ன்வுட் பள்ளி இந்தக் குறையை எதிர்ப்பக்கத்திலிருந்து அணுகியது. யார்க், டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, பிள்ளைகளே ஆங்கிலத்திலும் வீட்டு மொழியிலும் கதை எழுதிப் படம் வரைந்தார்கள். வீட்டு மொழிப் பக்கத்துக்குப் பெற்றோர் உதவினார்கள். ஆசிரியருக்கு அந்த மொழி எதுவும் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இந்தப் பணியிலிருந்து கற்றுத்தான் இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் போன்றவர்கள் இருமொழிப் படைப்புகளைப் பற்றி விரிவாக எழுதினார்கள். அச்சுத்தரம் குறைவு, எழுத்துப்பிழை இருக்கும். ஆனால் பாட்டியிடம் கதை கேட்கப் பிள்ளைக்கு ஒரு காரணம் கிடைத்தது. என்னைக் கேட்டால் நாற்பது கதைத் தளத்துக்கு முன்பே ஒரு பள்ளி இதைத் தொடங்கிவிடலாம். பணமும் அதிகம் வேண்டாம்.

பூர்வகுடிக் கதை: வேறு கணக்கு

நம்மிடம் பழங்கதைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. பாட்டி வடை சுட்ட கதையைச் சொல்ல யாரிடமும் அனுமதி கேட்க மாட்டோம். அதனாலேயே கதைக்கு உரிமையாளர் உண்டு என்பது நமக்குச் சட்டென்று பிடிபடாது.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் கதை குலத்துக்குச் சொந்தம். எந்த நிலம், எந்த ஆறு, எந்தச் சின்னம் எங்களுடையது என்பதற்குக் கதைதான் பத்திரம். கிட்க்ஸான் மக்கள் நில உரிமைக்காக வழக்குத் தொடுத்தபோது ‘அடாவ்க்’ எனும் வாய்மொழி வரலாறுகளை நீதிமன்றத்தில் சொன்னார்கள். 1997இல் டெல்கமூக் வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் சான்றாக எடைபோட வேண்டும் என்றது. அப்படிப்பட்ட கதையை ஒருவர் எடுத்துத் தளத்தில் போட்டு ‘யாரும் மாற்றலாம்’ என்று எழுதுவதை, அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை நகலெடுத்துத் திருத்தச் சொல்வதாகத்தான் அவர்கள் பார்ப்பார்கள்.

காலமும் உண்டு. அனிஷினாபே மக்களின் ‘ஆடிஸோகான்’ வகைக் கதைகளைப் பனி தரையில் கிடக்கும்போதுதான் சொல்ல வேண்டும். க்ரீ மக்களும் வீசகேச்சாக் என்ற குறும்புக்காரனின் கதைகளைக் குளிர்காலத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள். இணையதளத்துக்கு ஜூலையும் ஜனவரியும் ஒன்றுதான். கதை எந்த மாதத்திலும் விழித்திருக்கும்.

ஹைடா மக்களின் அனுபவம் இதை நன்றாகக் காட்டும். 1862இல் வந்த பெரியம்மை அந்த மக்களை அழித்தது. 1900 வாக்கில் ஆயிரம் பேர்கூட மிஞ்சவில்லை. அந்த நேரத்தில்தான் ஜான் ஸ்வான்டன் என்ற இளம் மானிடவியலாளர் அங்கே போனார். ஸ்காய், பார்வையற்ற கந்த்ல் ஆகிய கதைசொல்லிகள் சொல்லச் சொல்ல, ஹென்றி மூடி என்ற ஹைடா இளைஞரின் துணையோடு ஹைடா மொழியிலேயே எழுதிக்கொண்டார். பெரும் கொடை அது, மறுப்பதற்கில்லை. ஆனால் 1999இல் ஒரு கவிஞர் அந்தப் பதிவுகளைப் புதிதாக மொழிபெயர்த்து வெளியிட்டபோது, உலகம் பாராட்டியது, ஹைடா மக்களில் பலர் ‘எங்களிடம் கேட்டீர்களா?’ என்றார்கள். மொழிபெயர்ப்பு நன்றாக இருந்ததா என்பது அவர்கள் கேள்வியே இல்லை. அப்புறம் 2018இல் ஹைடா மொழியில் ஒரு முழுநீளப் படம் வந்தது. பழைய காட்டு மனிதன் கதை. நடிகர்கள் பலருக்கு மொழி தெரியாது. முகாம் போட்டு முதியவர்களிடம் வசனம் கற்றார்கள். யாரும் குறை சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சொன்னது யார் என்பதில் குழப்பம் இருக்கவில்லை.

கருவிகளும் இதற்கேற்ப வந்திருக்கின்றன. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2003இல் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்வாய்ஸஸ்’ தளத்தில் ஒவ்வொரு சமூகமும் தன் சொற்களையும் பாட்டையும் கதையையும் ஏற்றுகிறது. எது எல்லாருக்கும், எது சமூகத்தாருக்கு மட்டும், எது பணிக்குழுவுக்கு மட்டும் என்று அந்தந்தச் சமூகமே முடிவு செய்யும். தளத்தில் கண்ணில் படாத பகுதி இருப்பதே அதன் வெற்றி என்பேன். ஆஸ்திரேலியாவில் டென்னன்ட் கிரீக்கின் வாருமுங்கு மக்களோடு சேர்ந்து உருவான ‘முகுர்ட்டு’ மென்பொருளும் இதே வழி. ‘லோக்கல் கான்டெக்ஸ்ட்ஸ்’ அமைப்பு உருவாக்கிய மரபறிவுக் குறிகளில் ‘பருவத்துக்குரியது’ என்றே ஒரு குறி இருக்கிறது: இந்தக் கதைக்கு உரிய காலம் இது, பார்த்துப் பயன்படுத்து என்று அது சொல்லும்.

இந்தப் பின்னணியில் ஸ்டோரிபுக்ஸ் கனடா குழு செய்த முடிவைப் பார்க்க வேண்டும். பூர்வகுடி மொழிகளை அந்த நாற்பது கதைகளுக்குள் இன்னொரு மொழிப் பொத்தானாகச் சேர்த்திருக்கலாம். சுலபம். அப்படிச் செய்யாமல் ‘இண்டிஜினஸ் ஸ்டோரிபுக்ஸ்’ என்று தனித் தளம் அமைத்தார்கள். அதன் தொடக்கக் கதைகள் ‘லிட்டில் க்ரீ புக்ஸ்’ என்ற, க்ரீ கற்கத் தொடங்குவோருக்காகத் திறந்த உரிமத்தில் ஏற்கெனவே வெளியான எளிய புத்தகங்களிலிருந்து வந்தவை. பகிர்வதற்காகவே எழுதியவை, குலத்துக்குரிய புனிதக் கதையைத் தோண்டி எடுத்ததில்லை. படம், எழுத்து, மொழி மாற்றல் என்று தொழில்நுட்பம் ஏறக்குறைய அதேதான். மாறியது, எந்தக் கதை வரலாம் என்று சொல்லும் ஆள்.

ஆனாலும் க்ரீ என்றால் எந்த க்ரீ? சமவெளியில் ஒன்று, சதுப்புநிலப் பகுதியில் ஒன்று, கியூபெக்கின் அட்டிகமெக் இன்னொன்று. ஆல்பர்ட்டாவின் புத்தகம் வட ஒன்டாரியோ பாட்டிக்கு அந்நியமாகவே தோன்றும். எழுத்திலும் இரண்டு வழி: ரோமன் எழுத்தும், 19ஆம் நூற்றாண்டில் பரவிய அசை எழுத்தும். வாசகர் தொகை சிறியதாக இருக்கும்போது இந்தப் பிரிவுகள் ஒவ்வொன்றும் சுமையை இரட்டிக்கும். ஓரிரு ஆசிரியர்களின் உழைப்பில் ஓடும் திட்டம் எத்தனை வட்டார வழக்குகளைத் தாங்கும்? தளத்தைத் திறக்கும் நாளில் கிடைக்கும் ஆர்வமும் பணமும் ஐந்தாவது ஆண்டில் கிடைப்பதில்லை. கனடாவுக்கு மட்டும் உரிய நோய் இல்லை இது.

திறக்காத கதவு

இரண்டு தளமும் தத்தம் வழியில் சரி. ஆனால் அவற்றுக்கு இடையில் ஆள் நடமாட்டம் இல்லை. குடியேறி கதை படிக்கிறார், ஆங்கிலம் கற்கிறார். பூர்வகுடிப் பிள்ளை தன் மொழியை மீட்கிறது. குடியேறிக்குப் பூர்வகுடிக் கதை எந்த மொழியில் போய்ச் சேர்கிறது? சேர்ந்தால் ஆங்கிலத்தில், பெரும்பாலும் பள்ளிக்கூட விழா நாளில்.

இதைக் கனடா அறியாமல் இல்லை. விடுதிப் பள்ளிகளில் நடந்ததை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் கொடுத்த 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் புதிதாக வருகிறவர்களைப் பற்றியவை: அவர்களுக்குக் கொடுக்கும் தகவல் ஏட்டிலும் குடியுரிமைத் தேர்விலும் பூர்வகுடி வரலாறு இருக்க வேண்டும், உறுதிமொழியும் மாற வேண்டும். 2021இல் உறுதிமொழி மாறியது. இன்று குடியுரிமை பெறும் தமிழர், பூர்வகுடி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்கும் அரசமைப்பைச் சொல்லித்தான் கையை உயர்த்துகிறார். அந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு என்ன கதை சொல்வார்கள் என்று அவருக்கு யாரும் தமிழில் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வான்கூவர் நகராட்சி 2010-11இல் நடத்திய உரையாடல் திட்டம் ஒன்று இந்தக் கதவைத் தட்டிப் பார்த்தது. பூர்வகுடிகளையும் குடியேறிகளையும் வட்டமாக உட்காரவைத்துத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லவைத்தார்கள்; ஒருவர் இடத்துக்கு மற்றவர் போனார்கள். அந்த ஊரில் இதற்குப் பழைய அடித்தளமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மஸ்க்வியம் என்ற பூர்வகுடி மக்களுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் சீனர்கள் நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டார்கள். 1923இல் சீனர் வருகையையே சட்டம் தடுத்துவிட்ட காலத்திலும் அந்தத் தோட்டங்கள் நடந்தன, சில குடும்பங்கள் கலந்தன. நார்ட்டனின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகமும் மஸ்க்வியம் நிலத்தில்தான் நிற்கிறது. வளாகத் தெருப் பலகைகளில் அவர்கள் மொழிப் பெயரும் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகள் இரு பக்கமும் இருக்கிறார்கள். கான்டனீஸிலும் மஸ்க்வியம் மொழியிலும் சொல்ல வேண்டிய கதை ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு பக்கத்துக்கும் சொந்தமான கதை என்பதால், அனுமதி கேட்பதிலும் கொடுப்பதிலும் இருவருக்கும் பங்கு இருக்கும்.

டொராண்டோத் தமிழருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு வேலை இருக்கிறது. முதலாவது நம் பக்கத்து வேலை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் பாடநூலை ஒரு வாரம் ஓரம் வைத்துவிட்டு, பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களின் கதையை அவர்கள் குரலிலேயே போனில் பதிந்துவரலாம். யாழ்ப்பாணக் குரலென்றால் யாழ்ப்பாணக் குரல், மதுரைக் குரலென்றால் மதுரைக் குரல், திருத்த வேண்டாம். அப்புறம் திறந்த உரிமத்தில் ஏற்றலாம், யாருடைய குலச்சொத்தும் இல்லை. சொன்ன பெரியவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.

இரண்டாவது மெதுவாகத்தான் நடக்கும். டொராண்டோ நகரின் பெரும்பகுதி, 1787இலும் 1805இலும் நடந்த கொள்முதலின்படி கிரெடிட் ஆற்று மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து வந்தது. அந்தப் பேரத்தில் நியாயம் இருக்கவில்லை என்ற கோரிக்கைக்கு 2010இல்தான் 14.5 கோடி டாலரில் தீர்வு வந்தது. அவர்களும் அனிஷினாபே மக்கள்தான். அவர்களுடைய கதை ஒன்று தமிழில் வர வேண்டுமென்றால், முதலில் ஆங்கிலப் புத்தகத்தைத் தேடி மொழிபெயர்க்க உட்காரக் கூடாது. அந்தச் சமூகத்தின் பண்பாட்டுப் பணியாளர்களிடம் போய், எந்தக் கதையைத் தமிழில் சொல்லலாம், யார் சொல்ல வேண்டும், எந்த மாதத்தில் சொல்லலாம் என்று கேட்க வேண்டும். அவர்கள் ‘இப்போது வேண்டாம்’ என்றால் அதுவும் ஒரு பதில்தான். சொல்லலாம் என்றால், தமிழ் வகுப்பின் நாள்காட்டியில் பனிக்காலத்து வாரம் ஒன்றை ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம்.